பழைய பிக்கப், புதிய பிக்கப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் வாசகர் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, நல்ல நிலையில் உள்ள பழைய பிக்கப் வண்டியை அவசரப்பட்டு விற்றுவிட வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்தபோது, ஒரு வரியில் முடித்தது என் பிழை என்று புரிந்தது. பாராட்டியும் கண்டித்தும் வந்தவற்றில் எட்டுக் கேள்விகளை எடுத்துக்கொண்டு, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் 1980களின் நடுவில் வாங்கிய பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்பேனர் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு என் தந்தையார் அதை இன்றுவரை ஓட்டிவருகிறார். புது வண்டி வாங்கலாம் என்று நான் சொன்னால், “இப்போது வருவதெல்லாம் கம்ப்யூட்டர், அது உழைக்காது” என்கிறார். உண்மையிலேயே பழைய வண்டிகள்தான் அதிக நாள் உழைத்தனவா?

பதில்: உங்கள் தந்தையாரின் அனுபவத்தை மதித்தே சொல்கிறேன். என்ஜினின் ஆயுளைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியன்று. பழுதுபார்ப்பைப் பொறுத்தவரை அவர் பக்கம் பெரும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டுக்கு வீடு இந்த வாக்குவாதம் தீராமல் நடக்கிறது.

முதலில் ஆயுளை எடுத்துக்கொள்வோம். 1970களின் அமெரிக்க வண்டிகள் பலவற்றில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999ஐத் தாண்டியதும் அது மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஒரு லட்சம் மைல், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை உழைத்து ஓய்ந்த வண்டி என்றே அன்று பெரும்பாலோர் எண்ணினார்கள். இன்று அவ்வளவு தூரம் ஓடிய ஒரு பிக்கப், உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்டிருந்தால், நடுவயதில்தான் இருக்கிறது.

இந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் பலரும் கவனிக்காதது சோக் என்ற அந்தச் சின்ன இழுப்பான். காலையில் குளிர்ந்து கிடக்கும் என்ஜினை எழுப்புவதற்காகச் சோக்கை இழுக்கும்போது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் காற்று நுழையும் வழி அடைபட்டு, பெட்ரோல் மிகுந்த கலவை உள்ளே போகிறது. குளிரில் ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள ஆயிலோடு கலந்து அதையும் நீர்த்துப்போகச் செய்கிறது. அந்தச் சில நிமிடங்களில் பிஸ்டன் ரிங்குகள் ஏறத்தாழ உலர்ந்த சுவரில் உரசுகின்றன. வண்டியின் வாழ்நாளில் இப்படி எத்தனை ஆயிரம் காலைகள் என்று எண்ணிப் பாருங்கள். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு, என்ஜினின் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் அளவையும் சென்சார்கள் அளந்து சொல்ல, அந்த நொடிக்குத் தேவையான பெட்ரோல் மட்டுமே தெளிக்கப்படுகிறது. உங்கள் தந்தையார் அஞ்சும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான் என்ஜின்களின் ஆயுளை நீட்டியதில் பெரும்பங்கு வகித்தது. ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது, துரு தாங்கும் துத்தநாகப் பூச்சு பெற்ற தகடுகள் வந்தது, ஆயிலின் தரம் உயர்ந்தது எல்லாம் அதற்குத் துணை நின்றன.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இன்று நம் கண்ணில் படும் பழைய வண்டிகள் எல்லாம் தப்பிப் பிழைத்தவை. அவற்றோடு ஒரே நாளில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த மற்ற வண்டிகள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. அவை நம்மிடம் வந்து சாட்சி சொல்வதில்லை. உழைப்புக்குப் பெயர்பெற்ற என்ஜின்கள் அன்றும் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின் 1965 முதல் 1996 வரை உற்பத்தியில் இருந்தது. டொயோட்டாவின் 22ஆர் என்ஜினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்த இரண்டுமே தம் பிற்காலத்தில் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறியவைதான்.

இனி உங்கள் தந்தையாரின் பக்கம். பழைய வண்டி தன் நோயைத் தானே சொல்லும். கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் கூடுதல், நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, இழுக்கும்போது என்ஜினில் தட்டும் சத்தம் வந்தால் தீப்பொறி முந்திக்கொண்டு விழுகிறது என்று கண்ணும் காதும் மூக்குமே தீர்ப்புச் சொல்லிவிடும். தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பை நெம்பித் திறந்து, ரோட்டரைக் கழற்றி, அந்த மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டின் இரண்டு முனைகளும் முழுவதும் விலகி நிற்கும் இடத்துக்கு என்ஜினைக் கையால் சுற்றிக் கொண்டுவந்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்து, அது லேசாகப் பிடித்துக்கொண்டு வருகிறதா என்று விரல் நுனியால் உணர்ந்து திருகை முடுக்குவது பத்து நிமிட வேலை. நானும் அப்படித்தான் தொழில் கற்றேன். அந்த வேலை அடிக்கடி தேவைப்பட்டது என்பது குறைதான். ஆனால் அதைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் தந்தையார் எதை இழக்கப் போவதாக அஞ்சுகிறாரோ அது இதுதான் என்று நினைக்கிறேன், அந்த அச்சம் நியாயமானது. அடுத்த கடிதம் அதைத்தான் பேசுகிறது.

கேள்வி: ஐயா, நான் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். செக் என்ஜின் விளக்கு எரிகிறது என்று ஒரு புதிய பிக்கப் வந்தது. ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் என்று காட்டியதால் அதை மாற்றினேன். மறுநாளே விளக்கு மீண்டும் எரிந்தது. இரண்டாவது சென்சார் மாற்றியும் தீரவில்லை. வண்டிக்காரர் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார். எங்கே தவறினேன்?

பதில்: வருந்தாதீர்கள், இந்தத் தவறைச் செய்யாத மெக்கானிக் இருக்க முடியாது. ஸ்கேனர் காட்டும் எண் கெட்டுப்போன பொருளின் பெயர் அன்று. ஒரு சென்சார் அனுப்பும் செய்தி எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் “கலவையில் காற்று அதிகம்” என்று சொன்னால், பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது. உண்மை சொன்னவரைத் தூக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தினால், அவரும் அதையேதான் சொல்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே புகாரோடு ஒரு வண்டி என்னிடம் வந்தது. அதற்கு முன் பார்த்தவர்கள் இரண்டு சென்சார்களை மாற்றியிருந்தார்கள். ஏர் ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் நெளிவு நெளிவான ரப்பர் குழாயை அழுத்திப் பார்த்தபோது மேல்பக்கம் புதிது போலவே இருந்தது. விரலை அதன் அடிப்பக்கம் விட்டுத் தடவியபோதுதான், இரண்டு நெளிவுகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு தட்டுப்பட்டது. என்ஜின் குலுங்கும்போது மட்டும் அது வாய் திறந்து, அளவெடுக்கப்படாத காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. குழாயை மாற்றியதோடு கதை முடிந்தது. உங்கள் வண்டியிலும் முதலில் காற்றுக் கசிவு, பிறகு சைலன்சர் மேனிஃபோல்டு இணைப்பில் கசிவு, அதன்பின் பெட்ரோல் அழுத்தம் என்ற வரிசையில் பாருங்கள். எர்த் வயர்களையும் விட்டுவிடாதீர்கள். போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்த ஒரே ஓர் எர்த் வயர், நான்கைந்து சென்சார்களை ஒரே நேரத்தில் பொய் சொல்ல வைக்கும். கண்ணும் கையும் கொண்டு பார்க்கும் பழைய பழக்கம் புதிய வண்டியிலும் செல்லும். ஸ்கேனர் அதற்குத் துணையே தவிர மாற்று அன்று.

இதுவரை சொன்னதில் புதிய வண்டியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கும் பிக்கப்களுக்கும் ஒரே வடிவிலான சோதனை இணைப்பு கட்டாயமானது. எந்த நிறுவனத்தின் வண்டியிலும் ஒரு சாதாரண ஸ்கேனரைச் செருகி, புகை தொடர்பான பழுது எண்களைப் படிக்க முடிந்தது. எளிய பட்டறைகளுக்குக் கிடைத்த பெரிய வரம் அது. குறை அதற்குப் பிறகு வந்ததில் இருக்கிறது. இன்று பல வண்டிகளில் ஒரு பாகத்தை மாற்றினால் மட்டும் போதாது; நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு அந்தப் பாகத்தை வண்டிக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் பின்பக்க பிரேக் பேடு மாற்றுவதற்கே, பேடை அழுத்தும் காலிப்பரைப் பின்னிழுக்கச் சொல்லும் ஆணையைப் பெரும்பாலும் ஸ்கேனர் வழியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்கண்ணாடியை மாற்றினால் அதன் மேல்பகுதியில் உள்ள கேமராவை மறுபடி அளவீடு செய்ய வேண்டும். இந்த வேலைகள் எவையும் கடினமானவை அல்ல. அவற்றைச் செய்யும் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. டீலர்களுக்குக் கொடுக்கும் பழுதுபார்ப்புத் தகவல்களை நியாயமான கட்டணத்தில் மற்ற பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வண்டியிலிருந்து கம்பியில்லா முறையில் நிறுவனத்துக்குப் போகும் தகவல்களுக்கும் அந்த உரிமையை விரிவாக்கும் சட்டத்துக்கு 2020இல் அம்மாநில மக்கள் வாக்களித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2007ஆம் ஆண்டின் விதி ஒன்று தனிப் பட்டறைகளுக்குத் தகவல் தர வேண்டும் என்றது. வண்டியை வாங்கியவருக்கும் அவர் நம்பும் மெக்கானிக்குக்கும் அந்த வண்டியைத் திறந்து பார்க்கும் முழு உரிமை வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் நடுநிலை வகிக்க மாட்டேன்.

கேள்வி: நான் தச்சு வேலை செய்கிறேன். என் பழைய பிக்கப்பில் முழு பிளைவுட் தகடுகளைப் படுக்க வைத்துப் பின்கதவைச் சாத்திவிடுவேன். இப்போது பார்த்த புதிய வண்டிகள் அதைவிடப் பெரியவை. ஆனால் தகடு தொட்டிக்குள் அடங்கவில்லை. வண்டி பெரிதாகப் பெரிதாகச் சரக்கு வைக்கும் இடம் ஏன் சிறிதாகிறது?

பதில்: நீங்கள் கண்டது கண்மயக்கு அன்று. ஃபோர்டு எஃப்-150 வண்டியின் முதல் தலைமுறையில் கேபினும் தொட்டியும் சேர்ந்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொட்டிக்கும் ஒரு பங்கு கேபினுக்கும் இருந்தது. 2021 வாக்கில் அது அப்படியே தலைகீழானது. நான்கு கதவும் பின்னிருக்கையும் கொண்ட குடும்ப வண்டியாகப் பிக்கப் மாறியதே இதற்குக் காரணம். 8 அடித் தொட்டி இருந்த இடத்தில் இன்று ஐந்தரை அடித் தொட்டிதான் பெரும்பாலும் கிடைக்கிறது. 8 அடி பிளைவுட் அதில் இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

தொட்டி சுருங்கியது மட்டும் அன்றி உயரவும் செய்துவிட்டது. பழைய வண்டியின் பக்கவாட்டில் நின்றுகொண்டே கையை உள்ளே விட்டுத் தரையில் கிடக்கும் சுத்தியலை எடுத்துவிடலாம். இன்றைய பெரிய பிக்கப்கள் பலவற்றில் பக்கச் சுவர் நெஞ்சளவுக்கு வருகிறது. சுத்தியலை எடுக்கப் பின்கதவைத் திறந்து ஏறித்தான் ஆக வேண்டும். அதற்கென்று பின்கதவுக்குள்ளேயே மடக்கும் படிக்கட்டு வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு நாளில் முப்பது தடவை சரக்கை ஏற்றி இறக்குகிறவருக்கு, அந்த உயரம் என்பது மாலையில் வரும் தோள்வலி.

இந்த வளர்ச்சிக்கு வாங்குபவர்களின் விருப்பம் ஒரு காரணம் என்றால், சட்டங்கள் இன்னொரு காரணம். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு மாடல் முதல், ஒரு வண்டி எட்ட வேண்டிய எரிபொருள் சிக்கன இலக்கு அதன் சக்கரங்களுக்கு இடையே உள்ள பரப்பைப் பொறுத்து நிர்ணயிக்கப்படுகிறது. பரப்பு கூடினால் இலக்கு தளரும். ஆகவே சிறிய பிக்கப் செய்வதைவிடப் பெரிய பிக்கப் செய்வது நிறுவனத்துக்கு எளிது. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு வண்டிகளுக்கு அந்நாடு 1964 முதல் விதித்துவரும் 25 விழுக்காடு வரியும் சிறிய வண்டிகள் உள்ளே வருவதைத் தடுத்தது. கோழி இறைச்சி வணிகத்தில் ஐரோப்பாவோடு எழுந்த தகராறில் பிறந்த வரி அது. தகராறு மறந்துபோயிற்று, வரி நின்றுவிட்டது. மற்ற இடங்களிலும் வண்டிகள் பருத்துத்தான் இருக்கின்றன. 1968இல் வந்த முதல் டொயோட்டா ஹைலக்ஸ் சுமார் 4.2 மீட்டர் நீளமும் 1.6 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. அண்மைக் காலத்து நான்கு கதவு ஹைலக்ஸ் 5.3 மீட்டரைத் தொடுகிறது.

உங்களுக்கு என் யோசனை இது. வண்டியின் பெயரையோ என்ஜினின் குதிரைத்திறனையோ பார்ப்பதற்கு முன், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் மூன்று அளவுகளை எடுங்கள்: தொட்டியின் நீளம், இரு சக்கர மேடுகளுக்கு இடையே உள்ள அகலம், தரையிலிருந்து பின்கதவின் உயரம். பிளைவுட் படுக்க வேண்டுமானால் சக்கர மேடுகளுக்கு நடுவே 4 அடிக்கு மேல் வேண்டும். அடுத்து, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் உள்ள சுமை அளவைப் படியுங்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சுமை. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் என்று வசதிகள் கூடக்கூட அந்த மிச்சம் குறைந்துகொண்டே வரும். ஒரே மாடலில் எல்லா வசதியும் உள்ள வண்டி, வெறும் வண்டியைவிடக் குறைவான சுமையே தாங்கும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கிறது.

ஒற்றைக் கேபின் வண்டிகள் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. 2023இன் இறுதியில் தாய்லாந்தில் டொயோட்டா அறிமுகம் செய்த ஹைலக்ஸ் சாம்ப், தட்டையான தளமும் எளிய கேபினும் கொண்டது. வாங்குபவர் தம் தொழிலுக்கு ஏற்றபடி பின்பாகத்தைக் கட்டிக்கொள்ள அதன் தளத்திலேயே போல்ட் துளைகள் விட்டுவைத்திருக்கிறார்கள். ஜப்பானின் கேய் எனப்படும் சிறு ரகச் சரக்கு வண்டிகள் 3.4 மீட்டர் நீளத்தையும் 660 சிசி என்ஜினையும் தாண்டக் கூடாது என்பது அந்நாட்டு விதி. அப்படியிருந்தும் அவற்றின் தொட்டி சுமார் 1.9 மீட்டர் நீளம் இருக்கிறது. ஐந்தரை அடித் தொட்டியைவிட அது அதிகம். சுமை 350 கிலோதான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் கணவர் வைத்திருக்கும் 1971ஆம் ஆண்டு பிக்கப்பில் எங்கள் குழந்தைகளை ஏற்றிச் செல்கிறார். “கனத்த இரும்பு, எதுவும் ஆகாது” என்பது அவருடைய வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: இல்லை அம்மா, உங்கள் பயம் முற்றிலும் சரியானது. இருக்கையை முன்னால் சாய்த்து அதன் பின்னால் பாருங்கள். அந்தக் காலத்து அமெரிக்க பிக்கப்கள் பலவற்றில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. செவர்லே, ஃபோர்டு இரண்டும் 1972 வரையிலும்கூட அப்படித்தான் வண்டி கட்டின. குழந்தைகளை ஏற்றக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கனத்த இரும்பு காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பிழையானது. மோதலின்போது வண்டியின் முன்பாகம் நசுங்க வேண்டும். நசுங்கும்போதுதான் மோதலின் வேகத்தை அது உள்வாங்கிக்கொள்கிறது. நசுங்காத இரும்பு அந்த வேகத்தை அப்படியே உள்ளே இருப்பவரின் உடலுக்குக் கடத்திவிடும். கேபின் மட்டும் நசுங்காமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே இன்றைய வண்டிகளில் அந்தப் பகுதிக்கு மிக உறுதியான எஃகைப் பயன்படுத்துகிறார்கள்.

பிக்கப்புக்கென்றே ஓர் ஆபத்தும் உண்டு. தொட்டி காலியாக இருக்கும்போது பின்சக்கரங்களின் மேல் பாரமே இருக்காது. ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். இதற்காகவே 1987 முதல் ஃபோர்டு தன் எஃப் வரிசை வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கொடுக்கத் தொடங்கியது. பிறகு வந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, வண்டி திரும்பும் திசையும் ஸ்டீயரிங்கின் திசையும் ஒத்துப்போகாத நொடியில் உரிய ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்குகிறது. தனி வண்டி விபத்தில் உயிரிழக்கும் வாய்ப்பை ஏறத்தாழ பாதியாகக் குறைத்த கருவி அது. 2012ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் எல்லா இலகு ரக வண்டிகளுக்கும் கட்டாயம். இப்படிப்பட்ட மின்னணுக் கருவி என் வண்டியில் வேண்டாம் என்று சொல்பவரோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

உள்ளே இருப்பவருக்குப் புதிய வண்டி நல்லது என்று சொல்லும்போது, வெளியே நடப்பவரையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டிகள், 30 அங்குலமோ அதற்கும் தாழ்வாகவோ சரிந்த முகம் கொண்டவற்றைவிட, மோதப்பட்ட பாதசாரியின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 40 அங்குலம் என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர். நான்கு வயதுக் குழந்தையின் உயரம். வண்டி வாங்கப் போகும்போது உங்கள் குழந்தைகளில் இளையவரை முன்னால் நிறுத்திவிட்டு, நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பாருங்கள். தலை தெரியவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: புதிய டீசல் பிக்கப் வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. புகை வடிகட்டி அடைத்துவிட்டதாக அடிக்கடி எச்சரிக்கை வருகிறது. பழைய டீசலில் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: நாள்தோறும் ஐந்து, பத்து கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள்களை அந்த வடிகட்டி பிடித்துவைத்துக்கொண்டு, நிறைந்ததும் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தானே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அந்த வெப்பம் வர வேண்டுமானால் வண்டி நின்று நின்று போகாமல் தொடர்ந்து ஓட வேண்டும். குறுகிய ஓட்டத்தில் எரிப்புத் தொடங்கும் முன்பே நீங்கள் என்ஜினை அணைத்துவிடுகிறீர்கள். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். எரிப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் சற்று வேகமாகச் சுற்றிக்கொண்டு சூடான வாடை வரும்போது, அணைத்துவிடாதீர்கள். இப்படி ஓட்ட உங்களுக்கு வாய்ப்பே இல்லை என்றால், உங்கள் தேவைக்கு டீசல் ஏற்றதன்று. பெட்ரோல் பிக்கப்பே போதும்.

பழைய டீசலில் இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மை. அந்தக் கரியை நாமும் நம் பிள்ளைகளும் மூச்சில் பிடித்துவைத்துக்கொண்டோம். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடுங்கள் என்று சொல்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் ஒன்றில் பழைய டீசலைப் பாராட்டத்தான் வேண்டும். மெக்கானிக்கல் பம்ப் கொண்ட அந்த என்ஜின்களில் பல, ஒரு முறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரமே இல்லாமல்கூட ஓடிக்கொண்டிருக்கும். டீசலில் சிறிது கசடு இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் தரும் இன்றைய காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் 2,000 பார் அளவைத் தொடுகிறது, இன்ஜெக்டரின் துளையோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் தண்ணீர் போனால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் சேர்ந்து போய்விடும். ஆகவே டீசல் ஃபில்டரை உரிய காலத்துக்கு முன்பே மாற்றுங்கள், அதன் அடியில் தேங்கும் தண்ணீரை மறக்காமல் வடித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வண்டியை வைத்துக்கொண்டே அதில் சில புதிய வசதிகளைச் சேர்க்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், ஒரு மாலை நேரத்து வேலைதான். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், மூன்று முனை சீட் பெல்ட் இரண்டையும் தகுந்தவரிடம் கொடுத்துப் போடுங்கள். பெல்ட்டின் நங்கூரம் வெறும் தகட்டில் போல்ட் செய்யப்படாமல் வலுவூட்டிய இடத்தில் அமைய வேண்டும். கார்புரேட்டர் சரியாக வேலை செய்கிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: மின்சார பிக்கப் இந்தச் சிக்கல்களை எல்லாம் தீர்த்துவிடாதா?

பதில்: ஆயில், கிளட்ச், புகை வடிகட்டி ஆகிய தொல்லைகள் ஒழியும், தொட்டியில் உள்ள பிளக்கிலிருந்து மரம் அறுக்கும் கருவியை ஓட்டலாம் என்பது தொழிலாளிக்குப் பெரிய உதவி. கனமான டிரெய்லரை இழுத்தால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். மென்பொருளின் பூட்டைப் பற்றி மேலே சொன்னது இங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

கேள்வி: பயன்படுத்திய பிக்கப் ஒன்றைத் தேடுகிறேன். பழமையின் எளிமையும் புதுமையின் நம்பகமும் சேர்ந்த வண்டி என்று ஒன்று உண்டா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: என் கையில் விட்டால், 1990களின் நடுவிலிருந்து 2000களின் நடுவரை வந்த வண்டிகளைத் தேடுவேன். இன்ஜெக்‌ஷன் முதிர்ச்சி அடைந்து, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் பரவலாகி, ஸ்கேனர் இணைப்பும் பொதுவாகிவிட்ட காலம் அது. ஒரு பாகத்தை மாற்றினால் பெரும்பாலும் வண்டி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பானெட்டைத் திறந்தால் என்ஜினின் இரு பக்கமும் கை போகும். நிலைப்புக் கட்டுப்பாடு அவற்றில் பெரும்பாலும் இருக்காது என்பது மெய்யான குறை. குடும்பத்தோடு அதிகம் பயணம் செய்பவராக இருந்தால், 2012க்குப் பிந்தைய ஓர் எளிய ஒற்றைக் கேபின் வண்டியையே நான் பரிந்துரைப்பேன்.

மீட்டர் காட்டும் தூரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடிய தூரத்தை அவை மறைக்காமல் சொல்லும். என்ஜினை நீங்களே முதல் முறையாக ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போய்ச் சேருமுன் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ். என்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். அரித்துப்போன சேசிஸுக்கு மாற்று தேடுவது பெரும்பாலும் வண்டியின் மதிப்புக்கே கட்டுப்படியாகாது. பழைய துணியை விரித்து அடியில் படுத்துக்கொண்டு, பின்சக்கரக் கமான் பட்டை சேசிஸோடு சேரும் இடத்திலிருந்து தொடங்கி, சிறிய சுத்தியலால் கையளவுக்கு ஒரு தட்டு என்று முன்னோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு மணிபோல் கணீரென்று ஒலிக்கும். மொத்தென்று ஒலித்தாலோ, புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்டுக்கு அடியிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்தாலோ, அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.